தருமபுரி, கிருஷ்ணகிரி கைவினைப் பொருட்கள்: வாங்குபவர்களும் செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தனியாளாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ கைவேலை செய்து விற்பவர்களோடு எனக்குப் பல வருடப் பழக்கம். கண்காட்சியிலும் சந்தையிலும் அவர்களோடு சேர்ந்து கடை போடுவேன். வாங்க வருபவர்கள் அங்கே நின்று கேட்பதும், புதிதாக இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் போன் செய்து கேட்பதும் இந்தக் கேள்விகளைத்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நம்ம பக்கம் அப்படி என்ன கைவேலை இருக்கிறது?

தஞ்சாவூர் தட்டு, பத்தமடைப் பாய் என்று ஊர்ப்பெயரோடு சேர்ந்து புகழ்பெற்ற பொருள் நமக்கு இல்லை. அதனால் இங்கே ஒன்றுமே இல்லை என்று உள்ளூர்க்காரர்களே நினைத்துவிடுகிறார்கள். அரூர் பக்கம் சித்திலிங்கியில் லம்பாடி சமூகத்துப் பெண்கள் செய்யும் பூத்தையல் (எம்பிராய்டரி) இருக்கிறது. ஊருக்கு ஊர் மண்பாண்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள். முறம், கூடை பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் நாம் ஏறிப்போகும் பரிசல்கூட மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கையாலேயே கட்டுவதுதான். முன்பு அதற்கு அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். கல் உடைக்கும் ஊர்களில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்கள் உண்டு. தெருக்கூத்து நடக்கும் ஊர்களில் கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டையும் செய்கிறவர்கள் உண்டு. எடை குறைவான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டுவார்கள்.

புதிதாக வந்தவை தனி: டெரகோட்டா நகை, பட்டுக்கூட்டு மாலை, குரோஷா பொம்மை, துணிப்பை, கையால் வரைந்த சுவர்ப்படம். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் இதையெல்லாம் செய்யும் இளம்பெண்கள் நிறையப் பேர். அவர்களையும் கைவினைஞர்கள் என்றுதான் நான் சொல்வேன். தாத்தா காலத்துத் தொழிலாக இருந்தால்தான் கைவினை என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சித்திலிங்கித் தையல் என்கிறார்களே, அது என்ன?

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு சித்திலிங்கி. மலைவாழ் மக்களோடு லம்பாடிகளும் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய்ப் பழங்குடியினருக்கான மருத்துவமனையைத் தொடங்கினார்கள். மருத்துவத்தில் ஆரம்பித்தது பிறகு இயற்கை விவசாயம், கைத்தொழில் என்று விரிந்தது. அந்த நேரத்தில் லம்பாடிப் பெண்கள் தங்கள் கண்ணாடி வைத்த பாவாடை, ரவிக்கையை விட்டுச் சேலைக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. தையல் தெரிந்தவர்கள் வயதான ஓரிரண்டு பெண்கள்தான். அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டு, 2006 வாக்கில் ‘பொர்கை’ என்ற பெயரில் கைவினைஞர் சங்கமாகச் சேர்ந்தார்கள். இன்று குஷன் உறை, பை, குர்தா, சுவரில் தொங்கவிடும் துணி என்று வெளியூர்வரை போகிறது.

தையலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மரபான லம்பாடித் தையலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு ஆரம்பிப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியைக் குத்துகிறார்கள். சிவப்புக் கட்டம், அதற்குள் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஒரு கண்ணாடி என்று கண்ணளவிலேயே கணக்கு ஓடுகிறது. ஒரே ஆள் தைத்த இரண்டு குஷன் உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டத்தின் அகலம் ஒரு நூலிழை மாறும். ‘ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே’ என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் மனசு போய் நிற்கும்.

கையால் தைத்ததா, மிஷினில் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மிஷின் எம்பிராய்டரியில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே நிறத்தில், வெள்ளையிலோ கறுப்பிலோ, பாபின் நூல் சீராக ஓடும். பல இடங்களில் பேப்பர் மாதிரி ஒரு பொருளை ஒட்டியிருப்பார்கள். கைத்தையலில் முன்பக்கம் என்ன நிறமோ அதே நூல்தான் பின்னாலும் இருக்கும். முடிச்சு தெரியும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவிப்போன இடம் தெரியும்.

அடுத்து கண்ணாடி. கைவேலையில் கண்ணாடியைச் சுற்றி நூலாலேயே வளையம் கட்டி, அந்த வளையம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் மெதுவாகத் தட்டினால் கண்ணாடிச் சத்தம் கேட்கும். மலிவுச் சரக்கில் பளபளக்கும் பிளாஸ்டிக் வில்லையைப் பசை போட்டு ஒட்டி, மேலே வளையத்தை அழுத்தியிருப்பார்கள். இரண்டாவது சலவையில் கழன்றுவிடும்.

மிஷின் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. மிஷினில் போட்டதைக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

ஒரு பைக்கு ஆயிரம் ரூபாயா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நடுத்தரமான ஒரு தையல் பையை எடுத்துக்கொள்வோம். உதாரணக் கணக்குதான், ஊருக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாறும். மேல்துணி 110 ரூபாய். நூல், கண்ணாடி, சோழி 70. உள்துணியும் ஜிப்பும் 50. பையாக வெட்டித் தைக்கிற கூலி 80. ஆக 310 ரூபாய் பொருளுக்கும் பை தைக்கிற கூலிக்குமே போயிற்று. பூத்தையல் மட்டும் பத்து மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 60 ரூபாய் என்றால் 600. மொத்தம் 910. பேக்கிங், பஸ் செலவு, கெட்டுப்போகிற துணி எல்லாவற்றுக்கும் 90 சேர்த்தால் ஆயிரம் ஆகிவிடுகிறது. இதில் லாபம் என்று தனியாக எதுவும் இல்லை. பூத்தையல் போட்ட பெண்ணின் கூலி மட்டும்தான் இருக்கிறது.

மணிக்கு 60 ரூபாய் அதிகம் என்று தோன்றினால் ஒன்றை யோசியுங்கள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42 வருகிறது. கண்ணைக் கொடுத்து, கழுத்து வலிக்க உட்கார்ந்து, வருடக்கணக்கில் பழகிய வேலைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடத் தரவேண்டாமா? அந்தப் பையை 500 ரூபாய்க்கு யாராவது தந்தால் பத்து மணி நேரத்துக்கான கூலி எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். தைத்தவர் கையிலிருந்துதான் போயிருக்கும்.

அப்படியென்றால் பேரமே பேசக்கூடாதா?

நாலைந்து பொருள் சேர்த்து வாங்கும்போது ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க அக்கா’ என்று கேட்பதில் தப்பில்லை. சந்தை என்றால் பேச்சு இருக்கத்தான் செய்யும். பாதி விலைக்குக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில், ஊருக்குப் போக பஸ் காசு வேண்டுமே என்ற கவலையில் இருப்பவரிடம் போய் அடித்துக் கேட்காதீர்கள்.

மண்சட்டி, மண்பானை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கையில் தூக்கி விரல் கணுவால் தட்டுங்கள். நன்றாக வெந்த சட்டி ‘டங்’ என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். ‘டொப்’ என்று அமுங்கினால் சரியாக வேகவில்லை, அல்லது எங்கேயோ விரிசல் இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

கறுப்புச் சட்டி தனிச் சரக்கு. சூளையில் காற்றோட்டத்தை அடைத்துப் புகையிலேயே வேகவைத்தால் மண் கறுத்துவிடும். காற்று போனால் சிவப்பு, காற்றை அடைத்தால் கறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு கறுப்புப் பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெயின்ட் வாடை வந்தால் சமையலுக்கு வேண்டாம்.

தண்ணீர்ப் பானைக்கும் இதேதான். பூவேலை, பெயின்ட் என்று வெளியே முழுக்கப் பூசிய பானை பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் குளிராது. மண்ணின் நுண்துளை வழியே நீர் கசிந்து வெளியே ஆவியானால்தான் உள்ளே குளிரும். பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிடுகிறது.

வாங்கிய சட்டியை எப்படிப் பழக்குவது?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க வையுங்கள். ஆறவிட்டு, கழுவி, காய வையுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தபின் எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்துவிட்டு, அப்புறம் புளிக்குழம்பு வைக்கலாம். சோப்பு போடாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும். சூடான சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் அதோடு சரி, விரிசல் விட்டுவிடும்.

மண்பாண்டத்துக்கு ஐப்பசியில் ஆர்டர் கொடுத்தால் தை மாதம்தான் கிடைக்கும் என்கிறார்களே?

ஈரக்காற்றில் பச்சை மண் காயாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே சூளையில் அடுக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். அந்த மழைக்குள்ளேதான் கார்த்திகை அகல்விளக்கு வேலையும் முடிய வேண்டும். அதனால் கல்யாணச் சீர், கொலு, கடைத் திறப்பு எதுவானாலும் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, முன்பணமும் கொடுங்கள். மண்ணுக்கும் விறகுக்கும் அவர்கள் கைக்காசைத்தான் போடுகிறார்கள்.

மண்பாண்டம் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: ஏரி, குளங்களில் களிமண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. மண்ணுக்குக் கட்டணம் இல்லை.

மூங்கில் கூடை வாங்கினால் உளுத்துப்போகிறதே?

மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. முற்றாத மூங்கிலில் அது சீக்கிரம் விழும். மூன்று வருடத்துக்கு மேல் முற்றிய மூங்கிலை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னியது நாள் தாங்கும். நீங்கள் செய்ய வேண்டியது, ஈரத்தோடு மூலையில் போடாமல் மாதம் ஒருமுறை வெயிலில் காட்டுவது. முறத்துக்கு அந்தக் காலத்தில் சாணியோ, வெந்தயத்தைக் காகிதக் கூழோடு அரைத்தோ பூசுவார்கள். இடுக்கு அடைபடும், பூச்சியும் அண்டாது.

மூங்கில் பின்னுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இன்னொரு வேலையும் இருந்தது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கான சந்திரிகை. ஆறடிக்கு நாலடி மூங்கில் தட்டியின் மேல் மெல்லிய மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டுவார்கள். பழுத்த புழுவை அதில் விட்டால் சுருளின் இடுக்கில் கூடு கட்டும். அந்த வேலைப்பாட்டைச் சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவு நேர்த்தி. இப்போது பல இடங்களில் மடக்கக்கூடிய பிளாஸ்டிக் வலை வந்துவிட்டது. கழுவ எளிது, இடமும் அடைக்காது, விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் வீணாகக் கூடாது. பழத்தட்டு, விளக்குக் கூண்டு என்று வேறு பொருள் செய்து தரச் சொல்லி நீங்கள் கேட்டால் செய்யக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டப் பயப்பட வேண்டாம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து 2017இல் வனச் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது.

பட்டுக்கூட்டு மாலையில் புழு இருக்குமா? புழுவைக் கொன்று செய்வதா?

முழுக் கூடாக இருந்தால்தான் நூல் அறுபடாமல் வரும். அந்துப்பூச்சி வெளியே வந்து ஓட்டை விழுந்த கூடு நூற்பாலைக்கு ஆகாது. முட்டைக்காகக் கூடு வளர்க்கும் வித்தகங்களில் பூச்சி உயிரோடு வெளியே வந்துவிடும், ஓட்டைக்கூடு மிஞ்சும். மாலை, பூங்கொத்து செய்பவர்கள் பெரும்பாலும் அதையும் கழிவுக் கூட்டையும்தான் வாங்குகிறார்கள். உங்களுக்கு அது முக்கியம் என்றால் கூட்டின் முனையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், செய்தவரிடமே எங்கே வாங்கியது என்று கேளுங்கள். மாலையை ஈரத்தில் வைக்க வேண்டாம், ஈரத்தில் நாற்றம் வரும்.

நான் கைவேலை செய்கிறேன். எங்கே கொண்டுபோய் விற்பது?

முதலில் பக்கத்திலேயே. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரிப் பெரிய வாரச்சந்தையில் முறமும் சட்டியும் விற்கும். ஆயிரம் ரூபாய்ப் பை விற்காது. அதற்குக் கண்காட்சி வேண்டும். கிருஷ்ணகிரியில் கோடையில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா இரண்டுக்கும் வெளியூர்க் கூட்டம் வரும். மகளிர் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் அரங்கு கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் ஆரம்பித்ததே நம் தருமபுரியில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் அதில் சேர்ந்திருந்தது. கேட்கிற உரிமை நமக்கு நிறையவே உண்டு.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். ஓவியம் வரைபவர்கள் ஜனவரியில் அங்கே சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கடையில் வைத்து விற்கும்போது ஒரு கணக்கு. கடைக்காரர் விற்கும் விலையில் 30 சதவீதம் எடுப்பார் என்றால், உங்களுக்கு ஆயிரம் வர அந்தப் பொருளுக்கு 1,430 ரூபாய் போட வேண்டும். பலர் ஆயிரத்தில் முப்பது சதவீதம் சேர்த்து 1,300 போட்டுவிடுகிறார்கள். கையில் 910தான் வரும். இன்னொன்று, நீங்களே நேரில் விற்கும்போதும் அதே 1,430ஐ ஒட்டித்தான் விலை சொல்ல வேண்டும். நீங்கள் குறைத்து விற்றால் அந்தக் கடை அடுத்த முறை உங்கள் சரக்கை எடுக்காது. அதுவும் போக, நேரில் விற்பதற்கும் உங்கள் ஒரு நாள் போகிறது.

இன்ஸ்டாகிராமில் போட்டோ எப்படி எடுப்பது?

காலை எட்டு, ஒன்பது மணிக்கு வாசல் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில். பின்னால் வெறும் சுவரோ வெள்ளை வேட்டியோ போதும். ஒரு படம் முழுப் பொருள், ஒரு படம் கிட்டத்தில் தையலோ வேலைப்பாடோ, ஒன்று அளவு தெரிகிற மாதிரி கையில் பிடித்து. ஃபில்டர் போடாதீர்கள். நிறம் மாறினால் திரும்பி வரும். விலையைப் படத்திலேயே எழுதுங்கள். ‘இன்பாக்ஸுக்கு வாங்க’ என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 வகைத் தொழில்களுக்கு உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 5 சதவீதம் வரை வட்டி மானியமும் இருக்கிறது. 35 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டையையும் வாங்கி வையுங்கள். ‘பெஹ்சான்’ அட்டை என்பார்கள். அரசு நடத்தும் கைவினைக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.

கடன் வாங்கும் முன் ஒரு வார்த்தை: கருவிக்கும் மூலப்பொருளுக்கும் வாங்குங்கள். கடை அலங்காரத்துக்கு வாங்க வேண்டாம்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகத் தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது விதி வேறு. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனைகளோடு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூருவும் வெளிமாநிலம்தான். ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

என் டிசைனை அப்படியே காப்பி அடித்து விற்கிறார்கள். என்ன செய்வது?

வயிறு எரியத்தான் செய்யும். புதிய டிசைன் என்றால் 2000ஆம் வருட வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாம். முதலில் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்பு. ஆனால் ஊருக்குக் காட்டும் முன்பே பதிய வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு போனால் கஷ்டம். ஓவியத்துக்குப் பதிவு இல்லாமலே பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு. தேதியோடு வரைவுப் படங்களை எடுத்து வையுங்கள். புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்தின் பொருளுக்கானது, தனி ஆளின் டிசைனை அது காக்காது.

மரபுத் தையலின் கட்டமும் கோடும் ஒரு சமூகத்துக்குச் சொந்தம். அதை எடுத்துப் பயன்படுத்தும் வெளியாட்கள், நம்மையும் சேர்த்து, எங்கிருந்து கற்றோம் என்று பெயர் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்த வேலையை அவர்களிடமே கொடுத்துச் செய்ய வேண்டும்.

மண் பொருளை உடையாமல் பார்சல் அனுப்ப முடியுமா?

முடியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். பானையின் வெற்றிடத்துக்குள்ளும் வைக்கோலோ கசக்கிய செய்தித்தாளோ திணியுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் இடம் விட்டு நிரப்புங்கள். மூடிய பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தமே வரக்கூடாது. வாங்குபவர் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பழையது கிழிந்தால், நைந்தால் சரிசெய்து தருவார்களா?

கேளுங்கள், பெரும்பாலானவர்கள் செய்து தருவார்கள். விழுந்த கண்ணாடியைத் திரும்ப வைத்துத் தைப்பார்கள், முறத்தின் விளிம்பைத் திரும்பக் கட்டுவார்கள், தேய்ந்த அம்மியைக் கொத்தித் தருவார்கள். ஓசியில் கேட்காதீர்கள், அதற்கும் நேரம் போகிறது. தையல் துணியைக் கொடுக்கும் முன் வீட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில், ஊறப்போடாமல், உட்புறம் வெளியே திருப்பி அலசி நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். அழுக்குத் துணியில் இழை எண்ண முடியாது.